வேப்பங்கொட்டைச் சாறும் புகையிலைக் கஷாயமும்

ஒரு செடி தன்னைக் காத்துக்கொள்ள உடம்பில் சேர்த்து வைத்த கசப்பையோ காரத்தையோ நெடியையோ எடுத்து இன்னொரு செடிக்குப் பூசுவதுதான் தாவரச் சாறு தெளிக்கும் வேலை. செடியால் ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. தின்ன வரும் புழுவை அது தன் சாற்றைக் கொண்டே எதிர்த்தாக வேண்டும். வேம்பு அந்தக் கசப்பை விதையில் வைத்திருக்கிறது. புகையிலை இலையில் நிக்கோட்டின் இருக்கிறது. சீத்தாப்பழ விதையில் பேனைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். திண்டுக்கல் சமவெளியில் இவற்றில் பெரும்பாலானவை வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் காசில்லாமல் கிடைக்கின்றன. பூச்சியை விரட்டும் சாறுகள் ஒருபுறம் என்றால், முருங்கை இலை, அரப்பு, தேங்காய்ப்பால் போலப் பயிரை ஊக்கி வளரவைப்பவை மறுபுறம்.

இந்தச் சாறுகளின் தேவை திண்டுக்கல்லில் ஏன் கூடுதல் என்பது, அங்கே விளைவதைப் பார்த்தால் விளங்கும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வந்து இறங்குவது கத்தரி, தக்காளி, அவரை, முருங்கை. மல்லிகை மொட்டைப் பருவத்தில் அன்றாடம் விடியும் முன்பே பறித்தாக வேண்டும். கத்தரியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கிறார்கள். பூச்சிமருந்துப் புட்டியின் மேலோ, தெளித்த பிறகு இத்தனை நாள் அறுவடை செய்யக்கூடாது என்று காத்திருப்புக் காலம் அச்சிட்டிருக்கும். அது ஏழு நாள் என்றால், மல்லிகைக்காரருக்கு ஏழு நாள் பூ போயிற்று. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் பொருந்தும் கணக்கு இது. தினம் கை வைக்கும் பயிருக்குப் பொருந்தாது. பொருந்தாத விதியைக் காட்டில் கடைப்பிடிப்பவர்களும் குறைவு. எல்லை தாண்டிப் போகும் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் நஞ்செச்சம் இருப்பதாக 2015இல் கேரளத்தில் பெரிய பேச்சு எழுந்ததற்கு இந்தப் பொருத்தமின்மையும் ஒரு காரணம்.

மலைத் தேயிலைக்கும் இதே நெருக்கடிதான். திண்டுக்கல் சமவெளியில் தேயிலை விளையாது. தெற்கே மேகமலைக்கோ மேற்கே வால்பாறைக்கோ போக வேண்டும். அங்கே கொழுந்தை ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கிள்ளுகிறார்கள். கிள்ளிய கொழுந்தைக் கழுவுவதில்லை. நேரே வாட்டி, நசுக்கி, உலர்த்திவிடுகிறார்கள். இலைமேல் இருந்தது கோப்பை வரைக்கும் வரும். அதனால்தான் இந்தியத் தேயிலை வாரியம் 2014இல் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, தேயிலையில் எதையெல்லாம் தெளிக்கலாம் என்று பட்டியலிட்டது. வேம்பு சார்ந்த மருந்துகளுக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு. வெயில் பட்டுச் சில நாளில் சிதைந்துபோகும் சாறு, அடிக்கடி பறிக்கும் பயிருக்கு ஏற்றது. அப்படிச் சிதைந்துபோவதே அதன் பெரிய குறையும் ஆகும். தாவரச் சாறு பற்றிய நன்மையும் புகாரும் கடைசியில் இந்த ஒரு குணத்தில்தான் வந்து முடிகின்றன.

எல்லாச் சாறுகளிலும் முதலிடம் வேம்புக்கு. அரிசிப் பானையில் வேப்பிலை போட்டு வைத்த பாட்டிகளுக்கு இது புதிதில்லை. ஆய்வுக்கூடங்கள் கவனித்தது பிற்பாடு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் மேய்ந்துபோன இடத்தில் வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் டெல்லியில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.பிரதான் குழுவினர், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமல் விட்டதைப் பதிவு செய்தார்கள். கசப்பின் தலையாய பொருளான அசாடிராக்டினை 1968இல் தனியே பிரித்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு சரியாகத் தெரிய 1985 ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு ஆய்வகத்தில் அதைக் கட்டி முடித்தது 2007இல். 22 ஆண்டு வேலை. வேப்பமரம் ஒவ்வோர் ஆனி மாதமும் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

வேப்பெண்ணெய் பூஞ்சாணத்தைத் தடுக்கும் என்பதற்காக அமெரிக்க வேளாண்துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் முன்பே தெரிந்த செய்தி இது என்ற எதிர்ப்பு வென்று, 2000இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது.

அசாடிராக்டின் உடனே கொல்லும் நஞ்சு அல்ல. சாறு பட்ட இலையைப் புழு கடித்துப் பார்த்துவிட்டு வாயை எடுத்துக்கொள்கிறது. பசி தாளாமல் தின்றாலும் அடுத்த தோலுரிப்பு நடப்பதில்லை. புழு வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்ற வேண்டும்; அதற்கு ஆணையிடும் இயக்குநீர் சுரப்பதை இந்தப் பொருள் குலைத்துவிடுகிறது. பாதிக் கழன்ற தோலில் சிக்கிப் புழு மடியும். முட்டையிட வந்த தாய்ப்பூச்சியும் வாடை பிடிக்காமல் வேறு காட்டைத் தேடிப் போகும். இதெல்லாம் நடக்க நாலைந்து நாள் பிடிக்கும். சாயங்காலம் தெளித்துவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்க்கும் விவசாயிக்குப் புழு உயிரோடுதான் தெரியும். ‘மருந்து கேக்கல’ என்று அன்றைக்கே கடைக்குப் போய்விட்டால், வேம்பு செய்துகொண்டிருந்த வேலையின் முடிவைப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியது புழுவின் எண்ணிக்கையை அல்ல, இலையில் புதிய கடி விழுந்திருக்கிறதா என்பதை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 5 சதவீத வேப்பங்கொட்டைப் பருப்புச் சாற்றின் செய்முறை எளிது. 5 கிலோ பருப்பை எண்ணெய் கக்காத அளவுக்கு இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் மரக்குச்சியால் கிளறக் கிளறத் தண்ணீர் பால்போல வெளுக்கும். இரண்டாக மடித்த மெல்லிய துணியில் வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்க வேண்டும். சோப்பைக் குழம்பாகக் கரைத்து, 1 சதவீத அளவில் கடைசியில் சேர்க்க வேண்டும். சோப்பு இல்லையென்றால் சாறு இலையில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழும். கலக்கியதை அன்றன்றே தெளிக்க வேண்டும். மாலை மூன்றரை மணிக்கு மேல் தெளிப்பது நல்லது. வடிகட்டுவதில் சோம்பல் பட்டால், தெளிப்பான் மூக்கில் சக்கை அடைத்துப் பாதி நேரம் அதைக் கழற்றி ஊதுவதிலேயே போகும்.

செய்முறை எளிதாக இருந்தும் பலருக்கு ஏன் பலிப்பதில்லை? முதல் காரணம் கொட்டை. ஆனி, ஆடியில் பழுத்து உதிரும் வேப்பம்பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். தார்ச்சாலையில் வெயிலில் கொட்டிக் காய்ந்ததும் சாக்கில் ஈரத்தோடு கட்டிப் பூசணம் பிடித்ததும் எண்ணெய்ச் செக்குக்கு ஆகலாம், சாற்றுக்கு ஆகாது. எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையையும் பயன்படுத்தக் கூடாது, வீரியம் போயிருக்கும். இதைத் திண்டுக்கல்லின் பயிர்க் காலத்தோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால் ஒரு சங்கடம் புலப்படும். ஆடியில் பொறுக்கிய கொட்டையின் ஆயுள் பங்குனியில் முடிகிறது. மல்லிகை கொத்துக் கொத்தாக மொட்டு விடத் தொடங்குவதும், கூடவே மொட்டுப்புழு வருவதும் அதே பங்குனியில். சாறு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கையிலிருக்கும் கொட்டை கிழடாகிவிடுகிறது. அந்த மூன்று நான்கு மாதத்துக்கு, அசாடிராக்டின் அளவு அச்சிட்ட கடைச் சரக்கை வாங்குவதுதான் வழி.

இரண்டாவது காரணம் தண்ணீர். அசாடிராக்டின் லேசான புளிப்புத் தன்மையுள்ள நீரில் நிலைத்திருக்கும். காரத் தன்மையுள்ள நீரில் சீக்கிரம் சிதையும். உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பும் நுரைக்காது, சாறும் நிற்காது. நல்ல கிணற்றுத் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ கிடைத்தால் அதில் கலப்பது மேல். மூன்றாவது, கொட்டைக்குப் பதில் இலை. வேப்பிலையை அரைத்து ஊற்றினால் போதும் என்ற எண்ணம் ஊர்தோறும் உண்டு. அசாடிராக்டின் விதையில் இருக்கும் அளவுக்கு இலையில் இல்லை.

வேப்பங்கொட்டையைக் கரைக்காமலும் பயன்படுத்தலாம். தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையாமலிருக்க, ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உச்சியின் உள்மட்டைகள் மூன்றின் அடியில் வைக்கிறார்கள். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டிப் பக்கத்து மக்காச்சோளக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த படைப்புழுவுக்கு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கைக் கடைசி உழவில் போடச் சொல்கிறார்கள். செடி சிறிதாக இருக்கையிலேயே குருத்துக்குள் அசாடிராக்டின் தெளிப்பதும் பரிந்துரையில் உண்டு. புழு பெருத்துக் குருத்தின் அடியில் தன் எச்சத்தாலேயே மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு தெளிப்பது வீண்.

வேம்புக்கு நேர் எதிரான கதை புகையிலையுடையது. அதுவும் திண்டுக்கல்லின் சொந்தக் கதைதான். சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் பேர்போன இந்த ஊரை அடுத்த வேடசந்தூரில், மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 1948 முதல் இருக்கிறது. புகையிலையை ஊறவைத்தோ காய்ச்சியோ எடுத்த கஷாயம், உலகின் மிகப் பழைய பூச்சிமருந்துகளில் ஒன்று. ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோட்டங்களில் தெளித்திருக்கிறார்கள். அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ போன்ற சாறுறிஞ்சிகள் அது பட்ட சில நிமிடங்களில் துடித்து விழும். வேம்பிடம் கிடைக்காத வேகம் அதனிடம் கிடைக்கும். ஆனால் நிக்கோட்டின் பூச்சியின் நரம்பு, மனிதனின் நரம்பு என்று வேறுபாடு பார்ப்பதில்லை. தோல்வழியாகவே உள்ளே போகும். பச்சைப் புகையிலையை அறுப்பவர்களுக்கு ஈர இலை பட்டே தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. நிக்கோட்டின் சல்பேட்டை இந்தியாவில் பயன்படுத்தத் தடை உள்ளது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், இயற்கையாகக் கிடைத்தாலும் பயன்படுத்தக் கூடாதவை என்ற வரிசையில் அதைச் சேர்த்திருக்கின்றன. கஷாயத்தின் வழியே புகையிலைத் தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும் ஆபத்து தனி. இத்தனைக்குப் பிறகும் ‘இயற்கை மருந்து’ என்ற பெயரில் ஊர்களில் இந்தக் கஷாயம் போடுவது நிற்கவில்லை. செடியிலிருந்து வந்ததாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. சீத்தாப்பழ விதையை இடிக்கும்போது தூள் கண்ணில் பட்டால் கண்ணையே புண்ணாக்கிவிடும் என்பது பேனுக்கு அரைத்த தலைமுறைக்குத் தெரியும்.

புகையிலைச் செடியையே அழிக்க வரும் புழுவைத் தடுக்க, அதே புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் நாற்றங்காலில் தெளித்துப் பார்த்துப் பரிந்துரைத்தது வேப்பங்கொட்டைக் கரைசலை. நிக்கோட்டினுக்கு அஞ்சாத புழு வேம்புக்கு வாயை மூடிக்கொண்டது.

இயற்கை விவசாயிகளிடம் பரவலாக இருப்பது பல இலை சேர்த்த மூலிகைப் பூச்சிவிரட்டி. திண்டுக்கல் எல்லையை ஒட்டிய கடவூர் மலையடிவாரத்தில் வானகம் பண்ணையை அமைத்த நம்மாழ்வார் (1938–2013) போன்றவர்களின் பயிற்சிகளால் இது ஊர் ஊராகப் போனது. இலையைத் தேர்ந்தெடுக்கும் விதி மனத்தில் நிற்கும்படி இருக்கிறது: ஆடுமாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை, நெடியடிக்கும் இலை. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை, வேம்பு ஆகியவற்றை இடித்து மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீரில் கலந்து தெளிக்கிறார்கள். இடத்துக்கு இடம் இலையும் அளவும் மாறும். மழைக்கு முன் பறித்த இலைக்கும் பின் பறித்த இலைக்கும் வீரியம் மாறும். ஒரு காட்டில் பலித்தது பக்கத்துக் காட்டில் பலிக்காமல் போவதில் வியப்பில்லை. விதி சொல்லாத செய்தி இன்னொன்றும் உண்டு. ஆடு தின்னாத எருக்கை ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு தின்றே வளர்கிறது. ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பயிராகும் கண்வலிக்கிழங்கு, மனிதனைக் கொல்லும் கோல்ச்சிசின் நஞ்சு உள்ள செடி. அதையும் மொட்டையடிக்கத் தனியே ஒரு புழு இருக்கிறது. எந்த நஞ்சுக்கும் அதைத் தின்று செரிக்கும் ஒரு வயிறு காலப்போக்கில் உருவாகிவிடும். சாற்றை மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பூச்சியை விட்டுவிட்டு நோயைத் தடுக்கும் சாறும் உண்டு. நிலக்கடலையில் இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் நோய்க்குக் காய்ந்த சோள இலை அல்லது தென்னை ஓலைச் சாற்றைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. 1 கிலோ இலைத்தூளை 2 லிட்டர் தண்ணீரில் 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டி, 10 லிட்டராக்கி, விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும் தெளிக்க வேண்டும். இது நச்சுயிரியைக் கொல்வதில்லை. செடியைத் தொட்டு எழுப்பி, அதன் சொந்த எதிர்ப்பைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் நோய் வரும் முன்பே தெளித்தாக வேண்டும். மாட்டுக்குப் போக மிஞ்சும் சோளத்தட்டையின் இலைக்கு இப்படி ஒரு வேலை இருப்பது பலர் அறியாதது.

வளர்ச்சி ஊக்கிகளில் திண்டுக்கல்லுக்கு மிக நெருக்கமானது முருங்கை. முருங்கை ஏற்றுமதி மண்டலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை இங்கே பரவலாக விளைகிறது. இளம் முருங்கை இலையில் சியாட்டின் என்னும் சைட்டோகைனின் ஊக்கி நிறைய இருக்கிறது. செல்கள் பிரிந்து பெருகவும், இலை மூப்படைந்து பழுக்காமல் பச்சையாக நிற்கவும் அது உதவும். 1990களில் நிகராகுவாவில் நிக்கோலஸ் ஃபாய்டல் முருங்கைச் சாற்றைப் பல பயிர்களில் தெளித்து, 20 முதல் 35 சதவீதம் வரை கூடுதல் விளைச்சலைக் கண்டார். பின்னர் பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பச்சை இலையைப் பிழிந்த சாறு ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. அடர்த்தி கூடினால் பலன் கூடாது, சில வேளை குறையும். கவாத்து செய்யும்போது வெட்டிப் போடும் இளங்கிளைகளின் இலையே இதற்குப் போதும். விற்கிற இலையில் கை வைக்க வேண்டியதில்லை.

தேங்காய்ப்பாலையும் மோரையும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர் கரைசலும், குன்றுகளில் வளரும் உசிலை மரத்தின் இலையான அரப்பை மோரில் ஊறவைக்கும் அரப்புமோர்க் கரைசலும் பூப்பிடிக்கத் தெளிக்கப்படுகின்றன. தேங்காய்த் தண்ணீரில் சைட்டோகைனின் இருப்பது ஆய்வகங்களில் உறுதியானது. 1941 முதலே திசு வளர்ப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள். கடைகளில் கிடைக்கும் கடற்பாசிச் சாறும் இந்த இனம்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊக்கி உரமல்ல. மண்ணில் சத்தும் வேரில் ஈரமும் இருக்கும் செடியைத்தான் அது தட்டி எழுப்பும். வாடி நிற்கும் செடிக்கு முருங்கைச் சாறு தெளிப்பது பசியோடு இருப்பவனுக்கு வெற்றிலை கொடுப்பது போல.

சாறு எட்டாத இடங்களும் பல. கத்தரியில் காய்த்துளைப்பான் முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் காய்க்குள் புகுந்துவிடும்; அதன்பின் எந்தச் சாறும் அதைத் தொடாது. மல்லிகை மொட்டுக்குள் இருக்கும் புழுவும் அப்படியே. இனக்கவர்ச்சிப் பொறி வைத்துத் தாய்ப்பூச்சி வரவைக் கண்டறிந்து, முட்டை பொரியும் தருணத்தில் வேப்பஞ்சாறு தெளிப்பதும், வாடிய குருத்தைக் கிள்ளி எரிப்பதும் சேர்ந்தால்தான் பலன். கன்னிவாடியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு பெண்கள் குழுக்கள் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியை வளர்த்து அட்டையாக விற்றதுண்டு. பூச்சியின் முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும் கடுகளவுகூட இல்லாத குளவி அது. வேப்பஞ்சாறு இலையைக் கடிக்கும் புழுவைத்தான் பெரிதும் தாக்குகிறது என்பதால் இத்தகைய குளவிகளும் சிலந்திகளும் பெருமளவு தப்பிக்கின்றன. வீரிய மருந்துகளுக்குப் பின் காடு வெறிச்சோடுவதும், சாற்றுக்குப் பின் பொறிவண்டுகள் மிச்சமிருப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

கடைச் சரக்கில் ஏமாறாமலிருக்க லேபிளைப் படிக்க வேண்டும். பூச்சிமருந்தாக விற்கும் வேம்புச் சரக்கில் அசாடிராக்டின் 300, 1500, 10000 பி.பி.எம். என ஏதாவது ஓர் அளவும், மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும் இருக்கும். 300க்கும் 10000க்கும் விலை மட்டுமல்ல, தெளிக்கும் அளவும் வேறு. தாவரச் சாறுகளான வளர்ச்சி ஊக்கிகளை, உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் 2021இல் கொண்டுவந்தார்கள். பதிவு எண் எதுவும் இல்லாமல் ‘மூலிகை’ என்று மட்டும் எழுதி, தெளித்த அரை மணியில் புழுவை உதிர்க்கும் புட்டிகளைச் சந்தேகிப்பதே நல்லது. மூலிகைப் பெயரில் ரசாயன மருந்து கலந்து விற்பது நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

இப்போது வேப்பமரத்துக்கே நோய் வந்திருக்கிறது. பனிக்காலத்தில் கொம்பு நுனியெல்லாம் கருகி, தீப்பட்டதுபோல நிற்கும் வேப்பமரங்களைத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் காணலாம். கொழுந்தின் சாற்றை உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சியும், அதன் காயம் வழியே நுழையும் போமாப்சிஸ் பூஞ்சாணமும் சேர்ந்து செய்யும் வேலை இது. பூச்சியின் பெயர் தேயிலைக் கொசு. மலைத்தோட்டங்களில் வேப்பஞ்சாறு தெளித்து விரட்டப்படும் பூச்சிகளின் நெருங்கிய உறவு, சமவெளியில் வேம்பின் கொழுந்தில் உட்கார்ந்து குடிக்கிறது. வேம்பின் அசாடிராக்டின் பெரும்பாலும் விதையில்தான். இளங்கொழுந்துக்கு அந்தக் காவல் போதவில்லை. மரம் சாவது அரிது. வெயில் ஏறியதும் துளிர்த்துவிடும். பூ விடுவது கொம்பு நுனியில் என்பதால், நுனி கருகிய மரத்தில் அந்த ஆனியில் பழம் குறைந்துவிடுகிறது. சாற்றுக்குக் கொட்டை சேர்ப்பவர்கள், பனிக்காலத்தில் கருகாமல் நின்ற மரங்கள் எவை என்று தையிலேயே பார்த்து வைத்துக்கொண்டால், ஆடியில் அலைய வேண்டியிருக்காது.